குரோட்டனும் வடநாட்டுக் குளிரும்

தமிழ்நாட்டில் குரோட்டனை அறியாதார் இலர். பள்ளிக்கூட வாயிலிலும், ரயில் நிலையத் தோட்டத்திலும், வீட்டுத் திண்ணையோரத்திலும் அது நிற்கும். இலையே பூவாக விளங்கும் செடி அது. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கலந்து, யாரோ தூரிகையை உதறிவிட்டுப் போனாற்போன்ற புள்ளிகளோடு காணப்படும். நாம் அதற்குப் பெரிய மதிப்பு ஒன்றும் கொடுப்பதில்லை. மழை பெய்தால் நனையும். பெய்யாவிட்டால் யாராவது ஒரு குவளை நீர் ஊற்றுவார்கள். அவ்வளவுதான் அங்கே அதன் பராமரிப்பு.

அதே செடியைத் தில்லியில் விடுதி அறையில் வளர்க்க முற்பட்டால் கதை வேறாகிறது. செப்டம்பரில் ஆசையோடு வாங்கி வந்த செடி தீபாவளி வரையில் தளதளவென்று இருக்கும். டிசம்பர் இறுதியில் இலைகள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கும். ஜனவரி நடுவில் வெறுங்குச்சி நிற்கும். 'செத்துப் போயிற்று' என்று முடிவு கட்டித் தொட்டியோடு குப்பைக்கு அனுப்பிவிடுகிறோம். அப்படி எறியப்படும் செடிகளிற் பல உண்மையில் சாகவில்லை. அதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் செடியின் பிறப்பைப் பார்ப்போம். 'குரோட்டன்' என்பது தாவர நூலார் இன்று இதற்கு வழங்கும் பெயர் அன்று. அவர்கள் இதனைக் கோடியேயம் வேரியகேட்டம் என்பர். கிழக்கு இந்தோனேசியத் தீவுகள், நியூகினி, ஆஸ்திரேலியாவின் வடபகுதி, மேற்குப் பசிபிக் தீவுகள் ஆகியவற்றில் இது இயல்பாக வளர்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அம்போன் தீவில் வாழ்ந்த ரம்பியஸ் என்னும் அறிஞர் இதனைக் கண்டு விரிவாக எழுதி வைத்தார். 1753இல் லின்னேயஸ் இதனைக் குரோட்டன் என்னும் பேரினத்தில் சேர்த்தார். பின்வந்தோர் பிரித்துத் தனிப் பேரினம் ஆக்கினார்கள். ஆனாலும் பழைய பெயர் மக்கள் நாவைவிட்டு அகலவில்லை. மெய்யான குரோட்டன் பேரினத்தைச் சேர்ந்தது, நம் நாட்டு வைத்தியர்கள் கடும் பேதி மருந்தாக அறிந்த நேர்வாளமே. இரண்டும் ஆமணக்குக் குடும்பத்தின. ஆகவே நம் செடியின் சாறும் சிலர் தோலில் எரிச்சல் உண்டாக்கும். கிளை வெட்டியபின் கை கழுவ வேண்டும். குழந்தைகள் இலையை மெல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவுகளில் பிறந்த செடி குளிர் என்பதையே அறியாது. இரவிலும் 15 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் இருப்பதையே அது விரும்பும். 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வருந்தத் தொடங்கும். சென்னையில் ஜனவரி இரவுகள் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். தில்லியிலோ அவை சராசரியாக 7, 8 டிகிரி. சில இரவுகளில் 4 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. குளிர்ந்த மண்ணில் வேர்கள் நீரை உறிஞ்சும் வேகம் குறைகிறது. இலையைக் காப்பாற்ற இயலாத நிலையில், காம்பின் அடியில் மெல்லிய பிரிவடுக்கு ஒன்று உருவாகி இலை கழன்று விழுகிறது. சுமையைக் குறைத்து உயிரைக் காத்துக்கொள்ளச் செடி கையாளும் வழி அது.

இந்த இடத்தில்தான் நாம் தவறு செய்கிறோம். இலை உதிர்வதைக் கண்டதும் தாகம் என்று எண்ணி மேலும் மேலும் நீர் ஊற்றுகிறோம். இலையற்ற செடி எவ்வளவு நீரைக் குடிக்கும்? தொட்டியில் தேங்கிய குளிர்நீரில் வேர் அழுகுகிறது. குளிர் கொண்டுபோனது இலையை மட்டுமே. உயிரைக் கொண்டுபோனது நம் இரக்கம்!

ஆகவே, இலை உதிர்ந்த செடியை எறியுமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். தண்டின் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பசுமையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாய் உலர்ந்திருந்தால் இன்னும் சற்றுக் கீழே சுரண்டிப் பாருங்கள். நுனி பட்டுப்போய் அடி உயிரோடிருப்பதும் உண்டு. உயிருள்ள பகுதி வரையில் வெட்டிவிட்டு, நீரைக் குறைத்து, மார்ச் வரையில் பொறுத்திருங்கள். வெயில் ஏறியதும் கணுவில் துளிர் தலைகாட்டும்.

வருமுன் காப்பது இதனினும் நன்று. நவம்பர் நடுவிலேயே தொட்டியைத் தாழ்வாரத்திலிருந்து அறைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். தெற்குப் பார்த்த சன்னலே சிறந்த இடம். டிசம்பரில் தில்லியின் நண்பகல் சூரியன் தென்வானில் ஏறத்தாழ 38 டிகிரி உயரத்திலேயே நிற்கிறது. ஆதலால் வெயில் சாய்ந்து அறைக்குள் நெடுந்தூரம் வரும். இரவில் செடியைச் சன்னல் கண்ணாடியிலிருந்து சற்று விலக்கி வையுங்கள். ஹீட்டரின் அருகிலும் வேண்டா. அதன் உலர்ந்த காற்று இலையை வாட்டும்.

வெளிச்சம் இச்செடிக்கு உணவு மட்டுமன்று, வண்ணமும் ஆகும். பச்சையத்தோடு மஞ்சள் தரும் கரோட்டினாய்டுகளும், சிவப்புத் தரும் அந்தோசயனின்களும் இலையில் உள்ளன. வெளிச்சம் குறைந்தால் புது இலைகள் பச்சையாகவே நின்றுவிடும். உங்கள் செடி வண்ணம் இழந்தால் உரத்தைத் தேடாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். ஆனால் மே, ஜூன் மாத நண்பகல் வெயிலில் வைத்தால் இலை கருகும். அப்போது காலை வெயில் மட்டும் போதும்.

நீர் ஊற்றுவதற்கு நாட்கணக்கு வேண்டா. மண்ணில் ஒரு விரற்கணு ஆழம் தொட்டுப் பாருங்கள், உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள். குளிர்காலத்தில் குழாய்நீரை வாளியில் பிடித்து அறையில் சில மணி நேரம் வைத்திருந்து பயன்படுத்துவது நலம். தோட்ட மண், மட்கிய இலையுரம், ஆற்று மணல் மூன்றும் சமபங்காகக் கலந்து நிரப்பலாம். தொட்டியின் அடித்துளையை ஓட்டுத் துண்டால் மூடி, நீர் வடிய வழி விட வேண்டும். உரம் மார்ச் முதல் செப்டம்பர் வரையில் மட்டுமே. உறங்கும் செடிக்கு விருந்து வைப்பதில் பயனில்லை.

உலர்ந்த காற்றில் இலையின் அடிப்புறம் செம்பேன் என்னும் நுண்ணிய சிலந்திப் பேன் பற்றும். இலை மங்கி, நூலாம்படை போன்ற இழை தெரிந்தால் அதுவே அடையாளம். இலையின் இருபுறமும் நன்றாகத் தண்ணீரால் கழுவினாலே பெரும்பாலும் ஓடிவிடும். மாவுப்பூச்சியை ஈரத் துணியால் துடைத்தெடுக்கலாம்.

இனி, இனப்பெருக்கம். விதையிலிருந்து வரும் கன்று தாயைப் போல இராது. அதே வண்ணம் வேண்டுமாயின் தண்டையே நட வேண்டும். ஜூலை, ஆகஸ்டு மழைக்காலம் அதற்கு ஏற்றது. நுனித்தண்டில் அரையடி நீளம் கணுவுக்குக் கீழே வெட்டி, மேலே மூன்று நான்கு இலைகளை மட்டும் விட்டு, ஈர மணலில் நட்டு, பாலிதீன் உறையால் மூடி நிழலில் வையுங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும்.

கடைசியாக, கோடை விடுமுறை. நாம் ஊருக்குப் புறப்படும் காலத்தில்தான் இங்கே 40 டிகிரியைத் தாண்டி அனற்காற்று வீசுகிறது. பூட்டிய அறையில் எந்தச் செடியும் பிழைக்காது. விடுதித் தோட்டத்தில் மரநிழலில் ஒரு குழி தோண்டித் தொட்டியை விளிம்பு வரையில் புதைத்துவிட்டு, மாலியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். மழைக்காலத்தில் வேர் பிடித்த கன்றுகளுள் ஒன்றை அடுத்த அறை நண்பருக்குக் கொடுத்து வையுங்கள். உங்கள் செடி ஒரு குளிர்காலத்தில் மடிந்தாலும், அவர் சன்னலில் அதே செடி உயிரோடிருக்கும். மறுபடியும் ஒரு கிளை கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வெறுங்குச்சியாய் நிற்கிறதே என்று இந்த ஜனவரியில் எவரேனும் தொட்டியைத் தூக்கக் கண்டால், ஒரு நிமிடம் தடுத்து நிறுத்துங்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள்.