கடலுக்கு ஒரு வில்லங்கச் சான்றிதழ்!

வீட்டுமனை வாங்குவதற்கு முன்னால் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்க்கிறோம், இல்லையா? அதே மாதிரி கடலுக்கும் ஒன்று கேட்டால்? ‘இந்த வழியில் கண்ணிவெடி கிடையாது, கப்பல் தாராளமாகப் போகலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர யாருக்குத் தைரியம் வரும்?

1991 பிப்ரவரி 18. வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தது. குவைத் கரைக்கு அப்பால், பொழுது விடியாத நேரத்தில், ‘டிரிபோலி’ என்ற அமெரிக்கக் கப்பல் ஈராக் போட்டிருந்த கண்ணிவெடியில் மோதியது. டமார்! அடிப்பக்கத்தில் லாரி நுழைகிற அளவுக்கு ஓட்டை. வேடிக்கை என்னவென்றால், டிரிபோலி அங்கே வந்ததே கண்ணிவெடி அகற்றும் ஹெலிகாப்டர்களைச் சுமந்துகொண்டுதான்!

மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. சில மைல் தள்ளி ‘பிரின்ஸ்டன்’ என்ற போர்க்கப்பலுக்கு அடுத்த அடி. வானத்தில் எங்கோ வருகிற ஏவுகணையைப் பிடித்துவிடும் ‘ஏஜிஸ்’ ரேடார் அதில் இருந்தது. காலடியில் கிடந்த வெடி தெரியவில்லை. நல்லவேளை, இரண்டு கப்பலிலும் யாரும் சாகவில்லை.

இந்த இரண்டு வெடிகளும் ஒரே ஜாதி இல்லை. டிரிபோலியைத் தாக்கியது அடியில் சங்கிலி கட்டி, தண்ணீருக்குள் பலூன் போல மிதக்கவிடப்பட்ட வெடி. கப்பல் தொட்டால்தான் வெடிக்கும். பிரின்ஸ்டனைத் தாக்கியது ‘மான்ட்டா’ என்ற இத்தாலியத் தயாரிப்பு. கடல் தரையில் சும்மா படுத்துக் கிடக்கும். மேலே கப்பல் போவதை உணர்ந்து, தொடாமலேயே வெடிக்கும். இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி லேசருக்கு வருவோம். கடல் தண்ணீர் சிவப்பு ஒளியைச் சீக்கிரமே குடித்துவிடும். நீலமும் பச்சையும்தான் கொஞ்சமாவது ஆழம் போகும். அதனால் ஹெலிகாப்டரிலிருந்து பச்சை லேசரைத் துடிப்புத் துடிப்பாகக் கீழே அடிக்கிறார்கள். தண்ணீருக்குள் ஒளி ஒரு செகண்டில் சுமார் 2,25,000 கிலோ மீட்டர் போகும். 10 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பொருளில் பட்டுத் திரும்ப, தண்ணீருக்குள் ஆகும் நேரம் சுமார் 90 நானோ செகண்ட். நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தை அளந்தால் ஆழம் தெரிந்துவிடும்.

பனிமூட்டத்தில் வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? ஹெட்லைட்டைப் பெரிதாகப் போட்டால் எதிரே வெறும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். கலங்கல் தண்ணீரிலும் இதே தொல்லை. இதற்கு ஒரு தந்திரம் உண்டு. வழியிலுள்ள தூசு துரும்பில் பட்ட ஒளி முதலில் திரும்பும். அதுவரை காமிராவின் கதவை மூடிவைத்து, நமக்கு வேண்டிய ஆழத்திலிருந்து ஒளி வரும் கணத்தில் மட்டும் திறந்து மூடினால், மற்றதெல்லாம் வடிகட்டப்பட்டுவிடும்.

‘மேஜிக் லான்டர்ன்’ என்ற இப்படியொரு கருவியை அந்த 1991 போரிலேயே ஹெலிகாப்டரில் மாட்டிப் பரீட்சை செய்தார்கள். அதற்குப் பின் வந்த ‘ஏ.எல்.எம்.டி.எஸ்.’ 2016-ல்தான் அமெரிக்கக் கடற்படையில் பயன்பாட்டுக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 25 வருஷம்! ஏன் இத்தனை தாமதம்?

ஒரு காரணம், கருவி எதையாவது பார்த்துக்கொண்டே இருந்ததுதான். தண்ணீருக்குள் உருண்டையாக ஒன்று தெரிகிறது. அது வெடியா, ஆமையா, ஜெல்லி மீனா? சோதனைகளில் வெடி இல்லாததையெல்லாம் வெடி என்று காட்டுகிறது என்பது பெரிய புகாராக இருந்தது. சந்தேகம் தீர ஒரே இடத்தின் மேல் பல தடவை பறக்க வேண்டியதாயிற்று. ஆமை அதே இடத்தில் உட்கார்ந்திருக்காது. சங்கிலியில் கட்டிய வெடி எங்கும் போகாது!

சரி, பழைய கணக்குக்கு வருவோம். தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால், டிரிபோலியைத் தாக்கிய மிதக்கும் ரகத்துக்கு லேசர் பொருத்தமான ஆள். பிரின்ஸ்டனைத் தாக்கிய ரகம்? சேற்றில் பாதி புதைந்து கிடந்தால் ஆகாயத்து லேசர் கையை விரித்துவிடும். அங்கே ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் சோனார் வேண்டும். ‘ஏதோ கிடக்கிறது’ என்று அது சொன்ன பிறகு, லேசரையோ காமிராவையோ தண்ணீருக்குள் கிட்டே கொண்டுபோய், அது இன்னதுதான் என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

போட்டவனுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. 1988-ல் வளைகுடாவில் ‘சாமுவேல் ராபர்ட்ஸ்’ கப்பலைத் தாக்கிய ஈரானிய வெடி, 1908-ம் வருஷத்து ரஷ்ய டிசைன். விலை சுமார் 1,500 டாலர். கப்பலை ரிப்பேர் செய்ய ஆன செலவு சுமார் 9 கோடி டாலர்!

நம் ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஃபைல் இதோ இருக்கிறது’ என்று எவரும் எடுத்து நீட்டிவிடலாம். ‘அப்படி ஒரு ஃபைலே இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், பத்து வருஷ சர்வீஸ் போட்டவரும் பேனாவை மூடிவிடுவார். ‘இருக்கிறது’ என்பதற்கு ஒரு முறை பார்த்தால் போதும். ‘இல்லை’ என்பதற்கு எல்லா இடத்தையும் பார்த்திருக்க வேண்டும்.

லேசர் செய்வது, தேட வேண்டிய அலமாரிகளைக் குறைப்பதுதான். அதுவே பெரிய உபகாரம். ஆனால், கடைசியில் அந்த சான்றிதழில் ஒரு மனிதன்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதை நம்பித்தான் அடுத்த கப்பலின் மாலுமிகள் தூங்கப் போவார்கள்.