தாய் ஆளியும் சேய் ஆளியும்

மென்பொருளில் புதிதாக எழுதப்பட்ட வசதி, எழுதி முடித்த அன்றே பாவனையாளரின் கைக்குப் போவதில்லை. நிரல் சேவையகத்தில் ஏறிய பின்னும் அது ஓர் ஆளியின் பின்னால் மூடியே இருக்கும். மென்பொருளாளர் ஃபீச்சர் ஃபிளாக் என்று அழைக்கும் இந்த ஆளியைப் போட்டால் வசதி தெரியும். பிழை கண்டால், நிரலில் கைவைக்காமலே அணைத்துவிடலாம். ஃபிளிக்கர் படத்தளத்தின் பொறியியலாளர்கள் தாங்கள் இப்படித்தான் வேலை செய்வதாக 2009இல் எழுதியதிலிருந்து இந்த முறை பரவலாகத் தெரியவந்தது.

ஆளிகள் ஒன்றையொன்று நம்பியிருக்கும்போதுதான் தலைவலி. கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு நெற்கொள்வனவுச் செயலி செய்வதாக வைத்துக்கொண்டால், விவசாயியின் வங்கிக் கணக்கைப் பதிவது ஒரு வசதி. நெல்லுக்கான பணத்தை அந்தக் கணக்குக்கே அனுப்புவது அடுத்தது. பணம் போனதும் குறுஞ்செய்தி அனுப்புவது மூன்றாவது. முதலாவதை அணைத்துவிட்டு இரண்டாவதைப் போட்டால் பணம் போய்ச்சேர இடமில்லை. மூன்றாவது மட்டும் போட்டிருந்தால், வராத பணம் வந்ததாக விவசாயிக்குச் செய்தி போகும்.

இந்தச் சிக்கலுக்கு ரயில்பாதை எப்போதோ விடை கண்டுவிட்டது. தண்டவாளத்தைத் திசைமாற்றும் நெம்புகோலையும் சமிக்ஞை நெம்புகோலையும் ஒன்றோடொன்று பூட்டும் பொறிமுறைக்கு ஜோன் சாக்ஸ்பி 1856இல் காப்புரிமை பெற்றார். பாதை சரியாகத் திரும்பாமல் சமிக்ஞை வழிவிடாது. 1889இல் பிரித்தானியச் சட்டம் இதைப் பயணிகள் பாதைகளுக்குக் கட்டாயமாக்கியது. போரினால் 1990இல் வவுனியாவோடு நின்றுபோன வடபாதையை இந்தியாவின் இர்கோன் நிறுவனம் மீள அமைக்க, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் மறுபடி ஓடியது. அது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் ரயில்கள் நிலையங்களில்தான் விலக முடியும். அப்படிப்பட்ட பாதையில் எதற்கு முன் எது என்பதை நிலைய அதிபரின் ஞாபகத்துக்கு மட்டும் விட்டுவைக்க முடியாது.

மென்பொருளிலும் அந்த விதியை இயந்திரத்திடமே கொடுக்க வேண்டும். இன்னோர் ஆளியை நம்பியிருக்கும் சேய் ஆளியின் அமைப்பில், அது நம்பியிருக்கும் தாய் ஆளி எது, அது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதப்படுகிறது. லோஞ்ச்டார்க்லி, அன்லீஷ் போன்ற ஆளி முகாமைச் சேவைகளில் இதற்கென்றே இடமுண்டு. ஒருவர் செயலியைத் திறந்ததும் முதலில் தாய் பார்க்கப்படும். அது வேண்டிய நிலையில் இல்லாவிட்டால் சேயின் சொந்த நிலை எதுவானாலும் விடை 'இல்லை'தான். ஆனால் சேயின் சொந்த நிலையை அழித்துவிடக் கூடாது. தாயை அவசரத்துக்கு அணைத்து மறுநாள் போடும்போது, அதன் கீழுள்ளவை முன்பு இருந்தபடியே திரும்ப வேண்டும். அழித்துவிட்டால் எது எந்த நிலையில் இருந்தது என்று ஒருவர் நள்ளிரவில் தேடிக்கொண்டிருப்பார்.

சுற்றுச் சார்பு வரவே கூடாது. 'அ'வுக்கு 'ஆ' வேண்டும், 'ஆ'வுக்கு 'அ' வேண்டும் என்றால் இரண்டும் ஒருநாளும் எரியாது. சார்புகளை வரிசைப்படுத்தி இத்தகைய சுற்றைப் பிடிக்கும் வழிமுறையை ஆர்தர் கான் 1962இலேயே வெளியிட்டிருந்தார். அன்லீஷ் இன்னும் கண்டிப்பானது: ஒரு தாய்க்கு இன்னொரு தாய் இருக்க விடாது. பேரப்பிள்ளைக்கு இடமில்லாத குடும்பம்தான், ஆனால் ஏன் ஒரு வசதி தெரியவில்லை என்று தேடுபவருக்கு அது பெரிய நிம்மதி.

சார்பு ஒரு சுமை மட்டுமல்ல. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 10 ஆளிகளுக்கு 1024 நிலைகள் உண்டு. அத்தனையையும் சோதித்துப் பார்க்க எவருக்கும் நேரமில்லை. ஒரு தாயும் 9 சேய்களும் என்றால் அது 513 ஆகக் குறையும். பத்தும் ஒரே சங்கிலியாகத் தொடர்ந்தால் 11 மட்டுமே.

பாவனையாளரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் வசதியைத் திறக்கும்போது கணக்கு மாறும். தாய் 50 வீதத்தினருக்கு, சேய் 50 வீதத்தினருக்கு என்று தனித்தனியே குலுக்கினால் சேய் தெரிவது 25 வீதத்தினருக்குத்தான். இரண்டுக்கும் ஒரே குலுக்கல் என்றால் 50 வீதம். கைத்தொலைபேசியில் இன்னொரு தொல்லை. சிக்னல் அற்றுப்போகும் காட்டோரக் கிராமத்தில் செயலி பழைய நிலைகளையே வைத்திருக்கும். தாயின் நேற்றைய நிலையோடு சேயின் இன்றைய நிலை கலந்துவிட்டால் விதி எழுதியும் பயனில்லை. ஆகவே எல்லா ஆளிகளின் நிலையையும் ஒரே தொகுப்பாகவே இறக்க வேண்டும்.

சேயைப் போட்டால் தாயும் தானாக எரிந்துவிட்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தெரிவுகள் கொண்ட லினக்ஸ் கருவின் அமைப்பு மொழியான கேகொன்ஃபிக்கில் இரண்டு வழியும் உண்டு. 'டிபென்ட்ஸ் ஒன்' என்று எழுதினால் தாய் இல்லாதபோது சேயைத் தெரிய முடியாது. 'செலெக்ட்' என்று எழுதினால் சேய் தன் தாயை வலிந்து போட்டுவிடும், தாய்க்கு வேண்டியவை இருக்கின்றனவா என்று பாராமலே. அதைக் கவனமாகப் பாவிக்கும்படி அதன் ஆவணமே எச்சரிக்கிறது. முதலாவது வழிதான் பாதுகாப்பானது.

ஆளிக்கு ஆளி மட்டும் சார்பு அல்ல. ஒவ்வோர் ஆளியும் தன் பின்னாலுள்ள நிரலையும் சார்ந்தது. பங்குச்சந்தை நிறுவனமான நைட் கெப்பிட்டல், 2003க்குப் பின் பயன்படாமல் கிடந்த ஒரு நிரலின் ஆளியையே புதிய நிரலுக்கும் கொடுத்தது. எட்டுச் சேவையகங்களில் ஒன்றுக்குப் புதிய நிரல் போய்ச்சேரவில்லை. 2012 ஓகஸ்ட் 1 அன்று ஆளியைப் போட்டதும் அந்த ஒன்றில் பழைய நிரல் விழித்து, கட்டளைகளைச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. பிழை புதிய நிரலில்தான் என்று எண்ணியவர்கள் மற்ற ஏழிலிருந்தும் அதை நீக்கினார்கள், ஆளியை அணைக்கவில்லை. எட்டும் பழைய நிரலையே ஓட்டின. 45 நிமிடத்தில் வந்த நட்டம் 46 கோடி டொலருக்கு மேல்.