ராஜபார்ட்டுக்கு முதலாளி யார்?

டீ சூடாக இருக்கிறது, கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். பாட்டு, ஓவியம், குறும்படம் என்று தனியாகத் தொழில் செய்யும் இளையவர்கள் பலரும் இப்போது கேட்பதுதான். "எழுதுவதும் நான், பாடுவதும் நான், படம் பிடிப்பதும் நான், பாக்கிப் பணத்துக்குப் போன் போடுவதும் நான். இதில் கலைக்கு எங்கே நேரம்?" நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக இப்படியே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெஷல் நாடக நடிகர்களைச் சொல்கிறேன்.

பழைய கம்பெனி நாடகத்தில் முதலாளி ஒருவர் இருப்பார். மாதச் சம்பளம், சாப்பாடு, ஒத்திகை, பாடம் சொல்லிக்கொடுக்க வாத்தியார் எல்லாம் அங்கே உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் இவை எதுவும் கிடையாது. ஒவ்வொரு நடிகரும் தனி ஆள். ஓர் ஊர்த் திருவிழாவுக்கு 'வள்ளி திருமணம்' என்று முடிவாகிவிட்டால், முருகனாக நடிக்கும் ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார். வள்ளியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து வருவார். நாரதர் காரைக்குடிக்காரராக இருப்பார். பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், பல தாளக்கருவிகளை வாசிக்கும் ஆல்ரவுண்ட் எல்லாரும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டவர்கள்தான். இரவு பத்து மணிவாக்கில் கொட்டகையில் சந்திக்கிறார்கள். ஒத்திகையும் இல்லை, இயக்குநரும் இல்லை. அப்படியே மேடை ஏறினால் விடியும்வரை நாடகம் நடக்கும்.

அந்த ராஜபார்ட்டின் வேலைகளை நினைத்துப் பாருங்கள். உடுப்பு, கிரீடம், நகை, அரிதாரம் எல்லாம் அவருடைய பெட்டியில் இருக்கின்றன. வாங்கியதும் அவர், சுமப்பதும் அவர். வேஷம் போட்டுவிட ஆள் கிடையாது, கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு தானே போட்டுக்கொள்வார். எந்தத் தேதி எந்த ஊர் என்று டைரி எழுதுவார். நோட்டீசில் தன் படமும் பட்டமும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பார். விடிந்ததும் பஸ் ஏறி, பகலில் தூங்கி, மறுநாள் ராத்திரிக்குத் தொண்டையைக் காப்பாற்றிக்கொள்வார். மாசி தொடங்கிக் கோடைத் திருவிழாக்கள் முடியும்வரை இந்த ஓட்டம். மழை மாதங்களில் மேடை இருக்காது, வேறு வேலை தேட வேண்டியதுதான். ஸ்திரீபார்ட் அம்மாவுக்கு இத்தனையோடு வீட்டு வேலையும் பிள்ளைகளும் இருக்கின்றன. ராத்திரிப் பயணமும், 'நாடகக்காரி' என்று ஊர் சொல்லும் ஏளனப் பேச்சும் அதற்கு மேல். அந்தப் பேச்சைத் தாங்குவதையும் ஒரு வேலையாகவே நான் எண்ணுகிறேன். அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

இவ்வளவையும் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஒத்திகையே பார்க்காமல் ஏழெட்டு மணிநேரம் எப்படி நாடகம் போடுகிறார்கள்? இந்தக் கேள்விக்குள்தான் நமக்கு வேண்டிய விடை இருக்கிறது.

நாடகம் எல்லாருக்கும் பொதுவானது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக்கொடுத்த பாடல்களும் தர்க்கங்களும்தான் இன்றும் அதன் முதுகெலும்பு. சுவாமிகளுக்கும் புதுக்கோட்டைக்கும் நெருங்கிய உறவு உண்டு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியாப் பிள்ளை அவரைப் பிள்ளை போல ஆதரித்தார். அவரிடம்தான் சுவாமிகள் சந்த நுணுக்கங்களைக் கற்றார். பாட்டு எழுதியவர், வேஷம் கட்டியவர், 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்துச் சபை நடத்திய வாத்தியார் என்று சுவாமிகளும் பல பொறுப்புகளைச் சுமந்தவர்தான். அவர் பாடம் பண்ணி வைத்துவிட்டுப் போனதால், ராஜபார்ட் முதல் வரியை எடுத்தவுடனே ஆர்மோனியக்காரர் கட்டையைப் பிடித்துக்கொள்கிறார். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நடக்கும்போது எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். நடுவில் யார் என்ன கேள்வி போடுவார், எப்படி மடக்குவார் என்பதுதான் அன்றன்றைக்குப் புதிது. ஜனங்கள் கண் விழித்து உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான். இத்தாலியில் பழைய நாளில் நடந்த 'கமேதியா தெல்லார்த்தே' நாடகங்களும் இந்த வகையைச் சேர்ந்தவை. பாத்திரங்கள் நிலையானவை, பேச்சு அப்போதைக்கப்போது பிறப்பது.

பேரம் பேசுவதும் நடிகரின் தலையில் விழுவதில்லை. ஊர்க்காரர்களுக்கும் நடிகர்களுக்கும் நடுவில் ஏஜென்ட் இருக்கிறார். அட்வான்ஸ் வாங்கிவிட்டு வராமல் போனாலோ, பேசிய தொகை கைக்கு வராமல் போனாலோ முறையிடச் சங்கம் இருக்கிறது. மதுரையில் இருப்பது போலப் புதுக்கோட்டையிலும் நாடக நடிகர் சங்கம் உண்டு. சுவாமிகளுக்கு ஆண்டுதோறும் குருபூஜை எடுப்பதும் இந்தச் சங்கங்கள்தான். ஆக, குரலும் பெட்டியும் டைரியும் நடிகரின் கையில். கதையும் பேரமும் வழக்கும் பொதுவில். ராஜபார்ட்டுக்கு முதலாளி கிடையாது, ஆனால் அவர் அநாதையும் இல்லை.

இந்த மண்ணின் நடிகர் பி.யு. சின்னப்பாவை (1916–1951) இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. சிறு வயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் நடித்தார். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் கம்பெனி வாழ்க்கை முடிந்தது. அப்போது அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். புதுக்கோட்டைக்குத் திரும்பி சங்கீதம் கற்றார், சிலம்பம் பழகினார், உடம்பைத் தேற்றினார், ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட்டாக ஏறினார். பிறகு சினிமா. 1940இல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேஷம். 1944இல் வந்த 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் ஒரு கச்சேரிக் காட்சி உண்டு. பாடுகிறவரும் சின்னப்பா, பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பாவே! படத்தில் அது கேமரா தந்திரம். ஆனால் அவருடைய தொண்டை சங்கீதத்தை முன்பே கற்றிருந்தது. கலைக்குள்ளேயே இருக்கும் பல வேலைகள் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இதே மாவட்டத்து விராலிமலை முத்துக்கண்ணம்மாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரதநாட்டியத்துக்கு முன்னோடியான சதிராட்டத்தில் ஆடுகிறவரே பாடவும் வேண்டும். அவர் அந்த மரபில் வந்தவர். 2022இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆடுகிறவர் வேறு, பாடுகிறவர் வேறு என்ற ஏற்பாடு பிற்பாடு வந்ததுதான்.

அதனால், தனியாகத் தொழில் செய்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். வேலைகள் பலவாக இருப்பது உங்களை அலுக்க வைப்பதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் தினம் தினம் புதிதாக வழி தேட வேண்டியிருப்பதுதான் அலுக்க வைக்கிறது. பாட்டுக்கு என்ன கூலி, அட்வான்ஸ் எவ்வளவு, திருத்தம் எத்தனை முறை செய்து தருவது, பணம் வராவிட்டால் யாரிடம் போவது? உங்கள் தொழிலில் இதற்கெல்லாம் பொது வழக்கம் இன்னும் உருவாகவில்லை. ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாக இருந்தாலும் ராஜபார்ட்டும் நாரதரும் ஒரே சங்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை நீங்களும் செய்யலாம். ஒரே ஊரில் இருக்கிற பத்துப் பேர் கூடிப் பேசி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலே போதும்.

சங்கம் இருந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். 2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கு வந்தபோது நாடகக்காரர்களுக்குப் பருவம் உச்சத்தில் இருந்தது. திருவிழாக்கள் நின்றுபோயின. வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டிய வருமானம் அந்த மாதங்களோடு போயிற்று. அரசின் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்து வைப்பது எவ்வளவு அவசியம் என்பது அப்போது எல்லாருக்கும் உறைத்தது. அடையாள அட்டை வாங்காத கலைஞர்கள் பக்கத்தில் இருந்தால், விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். எழுத்து வேலை தெரிந்தவர்கள் செய்யக்கூடிய உதவி இது.

இப்போது நாடகங்களை வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறார்கள். அதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் போன் செய்து தேதி கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த வீடியோவின் வருமானத்தில் நடித்தவருக்குப் பங்கு உண்டா என்ற பேச்சைச் சங்கங்கள் இன்றே தொடங்க வேண்டும். ஒவ்வொரு நடிகரும் தனித்தனியாகக் கேட்டால் நடக்காது.

திருவிழாக் கமிட்டியில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பேசிய தொகையை மங்களம் பாடி முடித்த கையோடு முழுசாகக் கொடுத்துவிடுங்கள். வேஷம் போட மறைவான இடம், பெண்களுக்குக் கழிப்பறை, காலையில் பஸ் நிறுத்தம்வரை ஒரு வண்டி, இவற்றையும் ஏற்பாடு செய்யுங்கள். மறுநாள் ராத்திரி அவர்கள் இன்னோர் ஊர் மேடையில் நிற்க வேண்டும்.