உங்களுக்குத் தெரியுமா? ஊசியைக் கேட்டு வாங்கிய சங்கம்
பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைத் தரும் திட்டம் 1984-இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. உலகின் முன்னோடித் திட்டங்களுள் அதுவும் ஒன்று. அதைக் கேட்டுப் பெற்றது, போதை ஊசி போட்டுக்கொள்பவர்களே நடத்திய ‘ஜங்கிபோன்ட்’ சங்கம்! நகர மையத்தில் ஒரு மருந்துக்கடை ஊசி விற்க மறுத்துவிட, ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் பி பரவுமே என்று அவர்கள் பதறினார்கள். நகராட்சி சுகாதாரத் துறை ஊசி கொடுத்தது, சங்கம் விநியோகித்தது.

போதை ஊசி போட்டுக்கொள்பவர்களில், ஏளனப் பார்வைக்கு அஞ்சி, புண் சீழ்பிடித்தாலும் மருத்துவமனைப் பக்கம் போகாதவர்கள் உண்டு. குத்திக்காட்டாமல் பேசும், நடந்துபோகும் தூரத்தில் உள்ள இடத்தையே அவர்கள் நாடுகிறார்கள். ஆம்ஸ்டர்டாம் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது: ஹெராயினுக்கு மாற்றாகத் தரப்படும் மெத்தடோன் மருந்து, 1979 முதலே அங்கே பேருந்தில் அவர்களைத் தேடிப் போனது.