வழுக்கி விழுந்த ஸ்டென்ட்

வயிற்றுவலி தீர்ந்துவிட்டால் ஆஸ்பத்திரி நினைவும் மறந்துவிடும். ஆடலூர் போன்ற காப்பித்தோட்ட மலைக்கிராமத்தில், பழம் பறிக்கும் நாளில் மதுரைக்கு இறங்கிப் போவது இன்னும் தள்ளிப்போகும். கணையத்தில் வந்த நீர்க்கட்டியை வடிக்க ஸ்டென்ட் என்னும் குழாய் வைத்தவர்களுக்கு இந்தத் தாமதம் ஆபத்து.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. மதுவாலோ பித்தப்பைக் கல்லாலோ அதில் அழற்சி ஏற்பட்டால் செரிமான நீர் கசிந்து தேங்கும். சுமார் 4 வாரங்களில் அதைச் சுற்றிச் சுவர் எழும்பிக் கட்டியாகும். பல கட்டிகள் தாமே வற்றிவிடும். வலி, வாந்தி, காய்ச்சல் இருந்தால் வடிக்க வேண்டும்.

முன்பு வயிற்றைக் கிழித்தார்கள். இன்று நுனியில் ஸ்கேன் கருவி பொருத்திய எண்டோஸ்கோப்பை வாய்வழியே இறக்கி, இரைப்பைச் சுவரைத் துளைத்துக் கட்டிக்குள் ஸ்டென்ட் வைக்கிறார்கள். இருபுறமும் விரிந்த உலோக ஸ்டென்ட் கொண்டு 205 நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்த அனுபவத்தை ஹைதராபாத் ஆசிய இரைப்பைக் குடலியல் நிறுவன மருத்துவர்கள் 2017இல் வெளியிட்டார்கள். பிளாஸ்டிக் ஸ்டென்ட்டுக்கு இரு முனையும் பன்றிவாலைப்போலச் சுருண்டிருக்கும். 'பிரெஞ்சு' என்னும் குழாய் அளவில் 10 உள்ளதன் விட்டம் 3.3 மில்லிமீட்டர்தான். விரிவும் சுருளும் ஸ்டென்ட் நழுவாமல் இருக்கத்தான்.

அப்படியும் சில நழுவும். கட்டி வற்றிச் சுருங்கும்போது பிடிப்பு தளர்கிறது. குடல்பக்கம் விழுந்தால் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். சிலவேளை குடலில் சிக்கி அடைப்போ துளையோ உண்டாக்கும். கட்டிக்குள் விழுந்தால் இன்னும் சிக்கல்: வெளியே துளை மூடிக்கொண்டு, ஸ்டென்ட் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும்.

அப்படி அகப்பட்டதை எடுப்பது நுட்பமான வேலை. முதலில் சி.டி. ஸ்கேனில் அது இருக்கும் இடத்தைப் பார்ப்பார்கள். துளை திறந்திருந்தால் மெல்லிய கம்பியை நுழைத்து, அதன்மேல் சிறு பலூனை ஊதி வழியை அகலப்படுத்துவார்கள். மூடியிருந்தால் ஸ்கேன் எண்டோஸ்கோப் உதவியோடு புது வழி போடுவார்கள். பிறகு எண்டோஸ்கோப்பைக் கட்டிக்குள் செலுத்தி, பல்லுள்ள இடுக்கியாலோ கம்பிச் சுருக்காலோ ஸ்டென்ட்டின் முனையைப் பற்றி இரைப்பைக்குள் இழுத்து, வாய்வழியே எடுப்பார்கள். கட்டிச் சுவரில் ரத்தக்குழாய் ஓடலாம் என்பதால் இழுக்கும் ஒவ்வொரு கணமும் கவனம் வேண்டும். இது முடியாதபோதுதான் லேப்ராஸ்கோப்பி அறுவை.

உலோக ஸ்டென்ட்டைப் பொதுவாக 3, 4 வாரங்களில் எடுத்துவிடுவதே நல்லது. நாள்பட்டால் ரத்தக்கசிவு வரலாம், சதை அதை மூடி வளரலாம். ஆகவே டிஸ்சார்ஜ் தாளில் எழுதிய தேதியில் போய்விடுங்கள். இடையில் கறுப்பாக மலம் போனாலோ, காய்ச்சலோ வலியோ வந்தாலோ தேதிக்குக் காத்திராமல் அன்றே மலையிறங்குங்கள்.