உடல் சுருக்கி வாழும் கிரில்

கடலூர்க் கரையில் கூனி என்று வழங்கும் சிற்றிறாலைப் பார்வைக்கு ஒத்திருந்தாலும், இறால் வரிசையைச் சேராத கிரில் என்னும் உயிரினமே, அன்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் பெங்குவின், சீல், திமிங்கலம் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் பேருணவாகும். இறாலின் செவுள்கள் மேலோட்டுக்குள் மறைந்திருக்க, கிரிலின் செவுள்கள் கால்களின் அடியில் வெளியே தெரியும். ஏறத்தாழ 6 செ.மீ. வரை வளரும் இதன் உடல் கண்ணாடி போன்றிருப்பதால், உண்ட நுண்பாசியின் பச்சை நிறம் வெளியிலிருந்தே புலப்படும்.

1982 ஜனவரியில் அன்டார்க்டிகாவில் இறங்கிய முதல் இந்தியக் குழுவுக்குக் கடல் உயிரியலாளரான எஸ். இசட். காசிம் தலைமை தாங்கினார். பின்னர் 1995-96இல் சாகர் சம்பதா என்னும் மீன்வள ஆய்வுக் கப்பல் கிரிலை ஆராய்வதற்கென்றே தென்பெருங்கடலுக்குச் சென்றது.

கிரில் கூட்டத்தைத் தேட உதவுவது எதிரொலிமானி, அதாவது ஒலித்துடிப்பை நீருக்குள் செலுத்தித் திரும்பும் எதிரொலியை அளக்கும் கருவி. ஒலியை இரு அதிர்வெண்களில் செலுத்தினால், உயர்ந்த அதிர்வெண்ணில் கிரிலின் எதிரொலி வலுத்து வருவதால், அதைப் பல மீன்களிலிருந்து பிரித்தறிய முடிகிறது. எனினும் வலையை இறக்கிச் சரிபார்த்த பிறகே அக்கணிப்பு உறுதியாகிறது.

வலையில் வந்தவற்றைக் கண்ணிலிருந்து வால் நுனிவரை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பது எளிது. அந்த அளவிலிருந்து வயதைச் சொல்வதுதான் இவ்வாய்வின் மிகக் கடினமான பகுதி. உணவு கிடைக்காதபோது கிரில், மேலோட்டை உரித்துப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் முன்னிலும் சிறியதாகிறது. ஆய்வகத் தொட்டியில் 200 நாட்களுக்கும் மேல் உணவின்றி உயிர்வாழ்ந்த கிரில்களும் உண்டு. எனவே சிறியது இளையது என்று கொள்வதற்கில்லை. உடல் சுருங்கினாலும் கூட்டுக்கண்ணின் விட்டம் அவ்வாறு குறையாததால், உடலுக்குப் பொருந்தாத பெரிய கண் பட்டினியின் தடயமாகிறது. கண்காம்பை மெல்லிய சீவல்களாக வெட்டி, அதில் தெரியும் வளர்ச்சி வளையங்களை எண்ணும் முறையும் அண்மைக்காலத்தில் உருவாகியுள்ளது.

மீன் தீவனத்துக்காகவும் எண்ணெய்க்காகவும் கிரில் பிடிக்கப்படுவதால் இக்கணக்கு மிகுந்த பொறுப்புக்குரியது. 1986 முதல் இந்தியாவும் உறுப்பினராக உள்ள அன்டார்க்டிகக் கடல்வாழ் வளப் பாதுகாப்பு ஆணையம், தென் அட்லாண்டிக் பகுதிக்கு ஆண்டுக்கு 6,20,000 டன் என்ற வரம்பை வைத்துள்ளது. ஆனால் குஞ்சுகள் பனித்தட்டின் அடிப்பரப்பில் படியும் பாசியை மேய்ந்து வளரும் குளிர்காலத்தில் பெரும்பாலான ஆய்வுக் கப்பல்கள் அங்கு நுழைய முடியாமையால், கடலடியில் நங்கூரமிட்டு விடப்படும் எதிரொலிமானிகளே அம்மாதங்களின் பதிவைத் தருகின்றன.