அங்குலம் வளரும் ஊர்

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகும் வழியில் உளிச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரே பட்டறையில் சாண் உயர அம்மனும் ஆளுயர அம்மனும் அருகருகே நிற்பார்கள். அளவு பல மடங்கு வேறு. ஆனால் அதே அம்மன்தான் என்று கண் உடனே சொல்லிவிடும். அந்தச் சாயல் எதில் இருக்கிறது?

தாளம் என்னும் சிற்ப அளவு முறையில். நவதாளக் கணக்கில் சிலையின் உயரம் 108 அங்குலம். முகம் 12, தொடை 24. இந்த அங்குலம் டேப்பில் இருக்கும் அங்குலம் அல்ல. செதுக்கப்போகும் சிலையின் உயரத்தை 108 பங்காக்கினால் ஒரு பங்குதான் அங்குலம். தேகலப்த அங்குலம் என்று அதற்குப் பெயர். சுவாமிமலை ஸ்தபதிகள் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்தே பங்கு பிரிப்பார்கள். சிலை வளர்ந்தால் அங்குலமும் சேர்ந்து வளர்கிறது. அளவுகோலே வளைந்து கொடுக்கும் இந்த யோசனை எனக்கு இன்னும் வியப்புத்தான்.

இதைத்தான் பள்ளியில் நேர் மாறல் என்கிறோம். முகம் 2 செ.மீ. என்றால் உயரம் 18. முகம் 10 என்றால் 90. முகம் 20 என்றால் 180. உயரத்தை முகத்தால் வகுத்துப் பாருங்கள், எப்போதும் 9. வரைபடத்தாளில் முகத்தைக் கிடையாகவும் உயரத்தைச் செங்குத்தாகவும் குறித்தால், எல்லாப் புள்ளிகளும் ஆதிப்புள்ளியில் புறப்படும் ஒரே நேர்கோட்டில் விழும்.

நேர்கோடு வந்தாலே நேர் மாறல் என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். அது போதாது. எல்லாச் சிலைகளையும் 9 செ.மீ. பீடத்தில் ஏற்றி, பீடத்தோடு சேர்த்து அளந்தால் என்ன ஆகும்? முகம் 5க்கு 54, முகம் 10க்கு 99. கோடு அப்போதும் நேராகவே இருக்கும். ஆனால் 54ஐ 5ஆல் வகுத்தால் 10.8, 99ஐ 10ஆல் வகுத்தால் 9.9. விகிதம் உடைந்துவிட்டது, கோடும் ஆதிப்புள்ளியை விட்டு மேலே ஏறிவிட்டது. எடையோ நேர்கோட்டுக்கே வராது. ஓரடிச் சிலை 10 கிலோ என்றால், அதே கல்லில் அதே வடிவில் ஈரடிச் சிலை 80 கிலோ.

பிள்ளையாருக்குப் பஞ்சதாளம். அவருடைய கோட்டின் சாய்வு 9 அல்ல, 5. ஆக, தாளம் என்பது சாய்வுக்கு ஸ்தபதிகள் வைத்த பெயர். ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு கோடு போட்டால், எல்லாம் ஆதிப்புள்ளியில் பிடித்த விசிறி மாதிரி விரியும்.

1957 முதல் மாமல்லபுரத்தில் சிற்பக் கல்வி அரசு நிறுவனத்தில் நடக்கிறது. செங்கல்பட்டிலிருந்து பேருந்து ஏறினால் எட்டாம் வகுப்பையே அழைத்துப் போய்விடலாம். சிலைகளை அளந்து இந்தக் கோடுகளைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்க, ஆளுக்கொரு டேப், ஒரு வரைபடத்தாள் போதும்.

திரும்பி வந்ததும் தங்களையும் அளந்து பார்க்கட்டும். இங்கே முகத்துக்குப் பதில், உச்சி முதல் மோவாய் வரை முழுத் தலை. பிறந்த குழந்தையின் உயரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தலை. வளர்ந்த ஆளுக்கு அது ஏழரையில் ஒன்றுக்குப் பக்கம். கல் அம்மன் எவ்வளவு பெரிதானாலும் தன் கோட்டை விட்டு நகர மாட்டாள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையோ நான்கின் கோட்டில் தொடங்கி, ஐந்தையும் ஆறையும் ஏழையும் ஒவ்வொன்றாகக் கடந்து மேலே போகிறது.